சீன அத்தியாயம் ஏன் இன்னும் முடியவில்லை

இன்று காலை தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கதவைத் திறந்ததும் வறுத்த பார்லியின் மணம் முகத்தில் வந்து மோதியது. கொரியக் கடைக்காரர் பணப்பெட்டிக்குப் பின்னால் மின்கேத்தலில் தன் பார்லித் தேநீரைக் கொதிக்க வைத்திருந்தார். இரண்டு குளிர்காலமாக நான் அந்தக் கடைக்குள் போகவில்லை. அடுத்த தெருக் கடையில்தான் வாங்கிவந்தேன். இன்று அது பூட்டிக் கிடந்தது. மொன்ட்ரியால்-நோரின் ஜனவரிக் குளிரில் இன்னொரு கடை தேடி நடக்க என் முழங்கால் சம்மதிக்கவில்லை.

"உங்கள் நண்பர் எங்கே? கேள்வி கேட்கிறவர்?" என்று அவர் கேட்டார்.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே யாரும் சொல்லாதபோது அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? "ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்" என்றேன். நீ எனக்குச் சொன்ன அதே பொய்தான். நல்ல பொய். கேட்டவர் தலையாட்டிவிட்டு மீதிச் சில்லறையைத் தந்தார்.

உன்னை முதன்முதல் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? குசலம் கூட விசாரிக்காமல் நீ அவரைக் கேட்டாய்: "நாங்கள் பிறந்த காலத்தில் உங்கள் நாடு எங்கள் நாட்டைவிட ஏழை. பிறகு எப்படி இவ்வளவு வேகமாக ஓடினீர்கள்?" அவர் லொட்டோச் சீட்டு இயந்திரத்தைத் தட்டியபடி, "அது எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இங்கே நின்று பியர் விற்கிறேன்?" என்றார். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். வெளியே வந்ததும் என் தோளில் அடித்து, "மச்சான், முன்னுரைக்கு முதல் வரி கிடைச்சிட்டுது" என்றாய்.

நாம் எழுத நினைத்த புத்தகத்தை இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அப்போதும் சிரித்தார்கள். யப்பான், கொரியா, தைவான், சீனா, இவை நான்கும் ஏன் வெவ்வேறு வேகத்தில் கைத்தொழில் நாடுகளாயின என்று தமிழில் ஒரு புத்தகம். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் தொடங்கிய வாதம் அது. இடையில் கலவரம், கப்பல், அகதி விசாரணை, பனி எல்லாம் வந்தன. வாதம் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் உன் சகலன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்கள் ரெண்டு பேருக்கும் வேறை வேலை இல்லையே? யப்பான்காரன் முன்னேறினா எங்களுக்கு என்ன?" நீ கோழிக்காலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, நாங்கள் ஏன் முன்னேறேல்லை எண்டு நேரை கேட்டா அடிக்க வருவியள். அதுதான் யப்பானாலை சுத்திப் போறம்" என்றாய். மேசை முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ், மெத்ரோ, ரயில் என்று மூன்று மாறி ரொக்ஸ்பரோவில் உன் வீட்டுக்கு வருவேன். அந்தப் பயணத்தை நீ ஒருநாளும் புரிந்துகொள்ளவில்லை. "காரிலை இருபது நிமிசமடா" என்பாய், கார் உள்ளவன். நாம் இருவரும் ஒரே வருடம் இந்த நகரத்தில் இறங்கினோம். உனக்கு இறக்குமதிக் கம்பனியில் மேசை, ரொக்ஸ்பரோவில் வீடு, யப்பான் கார். எனக்குச் சபனெல் தெருவில் உடுப்புத் தொழிற்சாலை, நான்காம் மாடியில் வாடகை அறை. நாடுகளின் வேகத்தைப் பற்றி நாம் வாதாடும்போது, நான் பல தடவை வேறு வேகங்களைத்தான் நினைத்தேன். அது உனக்கும் தெரியும். நீ அதைச் சொல்லாமல் விட்டாய், ஒரு தடவை தவிர.

உன் வரவேற்பறையே உனக்கு வரைபடம். உன் மாமியார், வசந்தியின் அம்மா, கொண்டுவந்த நைலெக்ஸ் சீலை பெட்டியிலிருந்து வெளியே வரும். "இது யப்பான். எங்கடை தாத்தா காலத்திலை யப்பான் சாமான் எண்டா ரெண்டு நாளிலை உடையிற விளையாட்டுச் சாமான். அப்பா காலத்திலை தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் யப்பான் எண்டாத்தான் வாங்குவினம். ஒரு தலைமுறை, பாத்தியோ?" பிறகு தொலைக்காட்சியைத் தட்டுவாய். "இது கொரியா. நாங்கள் வந்த புதிசிலை கொரியாக் கார் எண்டா சிரிச்சவை. இப்ப சிரிக்கச் சொல்லு பாப்பம்." கடைசியாக மகளின் பிளாஸ்டிக் கதிரையைக் காலால் தள்ளுவாய். அது சீனா. "இதுக்கு இப்ப சிரிக்கினம். பொறு."

உன் கொள்கையை நீ ஒரு வாக்கியத்தில் அடக்கியிருந்தாய்: "பயம் வரேக்கை வீட்டுச் சாவி ஆற்றை கையிலை இருந்தது எண்டு பார்."

கடலில் அந்நியக் கப்பல்கள் வந்து நின்றபோது யப்பானின் சாவி யப்பான்காரன் கையில் இருந்தது. சீனா அபின் போரில் அடிவாங்கியதை அவன் நாகசாகித் துறைமுகம் வழியாகக் கேட்டறிந்திருந்தான். அடி தன்மேல் விழும் முன்பே பயந்தான். பயந்தவன் வாள் வீரர்களை ஓய்வூதியத்தில் அனுப்பினான், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினான். கோயில் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் படித்த கூட்டம் ஏற்கெனவே அவனிடம் இருந்தது. சீனாவுக்கும் பயம் வந்தது. ஆனால் அரண்மனைக்கு அது எல்லைப்புறத் தொந்தரவாகத்தான் தெரிந்தது. அந்தப் பெரிய வீட்டில் ஒரு கதவு உடைந்தால் மற்ற அறையில் இருப்பவனுக்குக் கேட்பதில்லை. அந்நியர் போட்ட முதல் ரயில்பாதையை விலை கொடுத்து வாங்கிக் கழற்றிப் போட்டார்கள். கொரியாவின் சாவியை யப்பானே பறித்துக்கொண்டது.

என் கொள்கை நிலம். வயல் யாருடையது? அதைச் சொல்லு, நாட்டின் வேகத்தைச் சொல்கிறேன் என்பேன். கொரியாவிலும் தைவானிலும் போருக்குப் பிறகு உழுதவனுக்கு நிலம் போனது. நிலம் கிடைத்தவன் பிள்ளையைப் படிப்பித்தான். படித்த பிள்ளை தொழிற்சாலைக்குப் போனது. பிரபுக்கள் கையில் நிலம் கிடந்த நாடுகள் கிடந்தபடியே கிடந்தன.

"உன்ரை நிலத்தை வைச்சு யப்பானைச் சொல்லேலாது" என்பாய். "யப்பானிலை தொழிற்சாலை முதல் வந்தது. குத்தகைக்காரனுக்கு நிலம் பேந்துதான் வந்தது."

"உன்ரை சாவியை வைச்சுக் கொரியாவைச் சொல்லேலாது. அவன்ரை சாவி முப்பத்தைஞ்சு வருசம் மற்றவன்ரை கையிலை. ஆனா சீனாவைவிடக் கெதியா ஓடினவன்."

"சாவி திரும்பக் கைக்கு வந்த நாளிலையிருந்து எண்ணு, மடையா."

வசந்தி தேநீரோடு வந்து, "ரெண்டு பேரும் அடிபட்டுச் சாகிறதுக்கு முதல் இதைக் குடியுங்கோ" என்பாள். அவள் அப்படிச் சொல்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். நான் கவனிக்கவில்லை.

சபனெல் தெருத் தொழிற்சாலையை மூடிய வருடம் உனக்கும் எனக்கும் இடையில் ஏதோ புளித்தது. தையல் வேலை எல்லாம் சீனாவுக்குப் போனது. மெசின்களைக் கழற்றி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் அதே சட்டை பெட்டி பெட்டியாக உன் கம்பனியின் கொள்கலனில் வந்து இறங்கியிருக்கும். உன் கம்பனியிலேயே எனக்கு ஒரு வேலை பார்த்தாய். நான் மறுத்தேன். உன் மேசைக்கு முன்னால் இன்னொரு மேசையில் இருந்து என் வேலையைத் தின்ற கொள்கலன்களுக்குக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் சீன அத்தியாயம் என் பொறுப்பில் இருந்தது. எழுதியதைப் படித்துவிட்டு, "நீ சீனாவை எழுதேல்லை, சீனாவிலை இருக்கிற கோவத்தை எழுதியிருக்கிறாய்" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். அதற்காகவும் உன்னில் கோபப்பட்டேன்.

பிறகு நீ பிளேன்ரீ குடிப்பதை விட்டாய். எனக்கு வழக்கம்போல வந்தது. உன் கோப்பையில் மட்டும் இளம் பழுப்பில் ஏதோ ஒன்று.

"என்னடா இது?"

"கொரியாத் தேத்தண்ணி. உன்ரை கடைக்காரனிட்டைத்தான் வாங்கினனான். கொரியா அத்தியாயம் எழுதேக்கை அவன்ரை தேத்தண்ணிதான் குடிக்கவேணும், மச்சான். ஒரு ஒழுங்கு இருக்கு."

"அப்ப யப்பானுக்கு?"

"அதுக்குச் சாராயம் குடிச்சனாங்கள். மறந்திட்டியே?"

நான் சிரித்தேன். வசந்தி குசினிக்குள் போய்விட்டாள். சாப்பாட்டையும் குறைத்தாய். தட்டில் பாதி கிடக்க எழும்பிப் போவாய். கேட்டால், "யப்பான்காரன் வயிறு முழுக்க நிரம்ப முதல் நிப்பாட்டிப் போடுவான். அதுதான் நூறு வயசு இருக்கிறான்" என்பாய். உடம்பு வற்றிக்கொண்டு போனது. அதற்கும் ஏதோ நடைப்பயிற்சி என்றாய்.

எங்கள் ஊரில் பார்லி யாருக்குக் காய்ச்சுவார்கள்? காய்ச்சல்காரனுக்கு, வயிற்றில் ஒன்றும் தங்காதவனுக்கு. அது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எத்தனை தரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருப்பேன்! ஆனால் இது வறுத்த பார்லி. மணம் வேறு, நிறம் வேறு. அதன்மேல் நீ கொரியா என்று ஒரு பெயரையும் ஒட்டிவிட்டாய். வரலாறு படித்தவன் நான், ஒட்டிய பெயரை நம்பினேன். கொரிய நாகரிகத்தைப் பற்றி ஒரு பந்தி வேறு எழுதினேன்.

அந்த மாசி மாதச் சனிக்கிழமையை எத்தனை தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வெளியே பனி கொட்டியது. நீ சோபாவில் போர்வையோடு இருந்தாய்.

"பங்குனிக்குள்ளை அச்சுக்குக் குடுக்கவேணும்" என்றாய். "சீனாவைச் சின்னனா எழுது. பதினைஞ்சு பக்கம் காணும்."

"யப்பானுக்கு நூறு பக்கம், சீனாவுக்குப் பதினைஞ்சோ?"

"மிச்சத்தைப் பேந்து ரெண்டாம் பதிப்பிலை போடலாம்."

"உனக்கு ஏனடா இந்த அவசரம்? ஆரும் துரத்துறாங்களே?"

நீ ஜன்னலைப் பார்த்தாய். "துரத்துறாங்கள்தான்" என்றாய்.

எனக்கு அது பகிடியாகத்தான் கேட்டது. "நீ எப்பவும் உப்பிடித்தான். வீடு கெதியா வேணும், கார் கெதியா வேணும், இப்ப பேரும் கெதியா வேணும்" என்றேன்.

அப்போதுதான் அதைச் சொன்னாய். "நீ சீனா, மச்சான். பெரிய ஆள்தான். ஆனா வீட்டு வாசலுக்கு வந்த ரயில்பாதையை நீதான் கழற்றிப் போட்டனி."

நான் மறுத்த வேலையைத்தான் சொன்னாய். நம் புத்தகத்திலிருந்தே ஒரு கல்லை எடுத்து எறிந்தாய். நான் பனிச்சப்பாத்தைப் போட்டேன். வசந்தி கதவடிக்கு வந்து, "அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றாள். "பேந்து" என்றேன். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். உள்ளேயிருந்து நீ, "வசந்தி, போக விடு" என்றாய். ரொக்ஸ்பரோ நிலையத்தில் ரயிலுக்காக நின்ற நேரம் முழுவதும் உனக்குச் சொல்லவேண்டிய பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்ல பதில்கள்.

சில கிழமை கழித்து நீ தொலைபேசி எடுத்தாய். குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் என்றாய்.

"கொஞ்ச நாள் ரொறன்ரோவிலை தம்பியோடை நிக்கப்போறன்."

தமிழ் அச்சகம் இருப்பது அங்கேதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்: நீ தனியே அச்சிடப் போகிறாய். "நல்லது. புத்தகம் வந்தா எனக்கும் ஒண்டு அனுப்பு" என்றேன்.

"நீ ஒண்டுக்கு இன்னும் பதில் சொல்லேல்லை. நிலம்தான் காரணம் எண்டா, சீனாவிலையும் உழுதவனுக்கு நிலம் குடுத்தவங்கள்தானே? பேந்தும் ஏன் அவ்வளவு காலம் ஓடேல்லை?" என்றாய்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

"கெதியாச் சொல்லு."

உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான். நீ ரொறன்ரோவில் இல்லை. என் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் வரக்கூடிய ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

உன்னைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் உன் சகலன் என் பக்கத்தில் வந்து நின்றார். "உமக்குத் தெரியாதே? எங்களுக்குப் போன வருசமே தெரியும். வயித்திலை கான்சர்" என்றார். அந்த 'உமக்குத் தெரியாதே'யில் இருந்த திருப்தியை நான் மறக்கமாட்டேன். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கான்சர் என்றால் வெளியே மூச்சுவிடாமல் பொத்தி வைப்பது. அதை நான் அறிவேன். ஆனால் அந்த மண்டபத்தில் வெளியாள் நான் ஒருவன்தான் என்பதை அங்கே நின்றுதான் அறிந்தேன். யப்பான் அந்நியருக்கு மூடி வைத்த கதவைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தவன் நீ. அந்தக் காலத்திலும் அவன் நாகசாகியில் ஒரு சின்ன வாசல் திறந்து வைத்திருந்தான். நீ எனக்கு அதுவும் வைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு வசந்தியைக் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். "ஏன் பிள்ளை, எனக்கு மட்டும் மறைச்சனீங்கள்?"

அவள் உன் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றாள். "நான் சொல்லத்தான் வேணும் எண்டு நிண்டனான், அண்ணை. அவர்தான் விடேல்லை. எல்லாருக்கும் சொன்னாச்சு, வாறவை எல்லாம் தலையைத் தடவிப்போட்டுப் போகினம் எண்டார். அவன் ஒருத்தன்தான் என்னோடை சண்டை பிடிக்கிறான், அவனுக்குச் சொன்னா விட்டுக்குடுத்திடுவான் எண்டார்."

பிறகு மெல்லச் சொன்னாள்: "நீங்கள் கோவிச்சுக்கொண்டு போன அண்டைக்கு ரெண்டு வாய் சோறு சாப்பிட்டவர். கன நாளைக்குப் பிறகு. நல்லாக் கோவம் ஏறிப் போனான் என்ன எண்டு சிரிச்சவர்."

இதைக் கேட்டு நான் ஆறுதல் அடையவேண்டும் என்று அவள் நினைத்தாள். நீயும் நினைத்திருப்பாய். எனக்கு ஆறவில்லை. உன்னிடம் இருந்த காலம் குறைவு என்று தெரிந்திருந்தால் நான் பதினைந்து பக்கம் எழுதியிருப்பேன், ஐந்து பக்கமும் எழுதியிருப்பேன், சீனாவே இல்லாத கிழக்காசியாவையும் எழுதியிருப்பேன். அதைத்தான் நீ விரும்பவில்லை என்கிறார்கள். உன் விருப்பம் சரி. என் விருப்பத்தை யார் கேட்டது? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை எனக்கு வேண்டியிருந்தது. அந்தச் சகலன் இருந்த கதிரை.

போன ஆவணியில் பீஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவைக் காலையிலேயே இங்கே காட்டினார்கள். என் கொரியத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எண்ண முடியாத மனிதர்கள் ஒரே கையாகப் பறை அடித்தார்கள். நான் எழும்பி உன் இலக்கத்தை அழுத்திவிட்டேன். "டேய், பார்க்கிறியா?" என்று சொல்ல வாய் திறந்தபோது வசந்தி, "ஹலோ" என்றாள்.

"சும்மா எடுத்தனான், பிள்ளை."

"நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், அண்ணை."

பறை முடியும்வரை இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. இரண்டு வீட்டுப் பறையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

இன்று பாலோடு ஒரு பை வறுத்த பார்லியும் வாங்கிவந்தேன். இப்போது என் அடுப்பில் கொதிக்கிறது. மேசையில் சீன அத்தியாயம். பதினைந்து பக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டது. சபனெல் கோபம் இப்போது அதில் இல்லை. யாரை எதிர்த்துக் கோபப்படுவது?

உன் கடைசிக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சீனாவில் நிலத்தைக் கொடுத்தார்கள். மை காயும் முன்பே கூட்டுப்பண்ணை என்று திரும்ப எடுத்தார்கள். வெகுகாலம் கழித்து ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பிலும் வயலை விட்டபோதுதான் நாடு ஓடத் தொடங்கியது. நிலம் கொடுப்பது ஒன்று, அதை அவன் கையில் விட்டுவைப்பது இன்னொன்று. இந்த வரியை எழுதியதும் உன் குரல் கேட்டது. வேறு யாருக்கும் இவ்வளவு கெதியாக வராது.

"கையிலை விட்டு வைக்கிறதோ? அப்ப சாவிதானே, மச்சான்?"

அத்தியாயத்தை நேர்மையாக முடிப்பதென்றால் அடுத்த வரியில் நீ வென்றாய் என்று எழுதவேண்டும். விடுதி அறையில் தொடங்கிய வாதம் அந்தப் பக்கத்தோடு முடிந்துபோகும். பிறகு சனிக்கிழமை மத்தியானத்தில் நான் யாரோடு கதைப்பது?

நீ கேட்டபடியே இருக்கிறேன். விட்டுக்கொடுக்கவில்லை. வசந்தி புத்தகம் என்ன மாதிரி என்று கேட்டால் இன்னும் யோசிக்கிறேன் என்கிறேன். சனம் என்னைச் சோம்பேறி என்கிறது. உன் சகலன் சொன்னதாகவும் கேள்வி. நீ மட்டும் அப்படி நினைக்காதே, டேய். பதில் கிடைத்த நாளிலிருந்து நான் தாமதிப்பது சோம்பலால் இல்லை.

பார்லி கொதித்துவிட்டது. இறக்கப் போகிறேன்.